அட்டவணையில் இல்லாத பெரிய கறி

சில மாதங்களுக்கு முன்பு, நாங்கள் வேலை செய்யும் காலனி ஒன்றின் சமுதாயக் கூடத்தில் ஆரோக்கிய முகாம் நடந்தது. அரசு நடத்திய முகாம் இல்லை. வாசலில் பச்சை இலை, செம்புக் குடம், 'இயற்கைக்குத் திரும்புவோம்' என்று எழுதிய பேனர். விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்த்தார்கள். ரத்தம் குறைவு என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு பெண்ணின் கையிலும் பளபளப்பான உணவு அட்டவணை ஒன்றைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு டப்பா. 'நூறு சதவீதம் இயற்கை'. விலை 1,850 ரூபாய்.

செங்கல் சூளையில் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி அந்த டப்பாவைக் குழுவில் கடன் எடுத்து வாங்கினாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. ஹீமோகுளோபின் 7.9. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டாள். "மாத்திரை கெமிக்கலாம் அக்கா, இது இயற்கையாம்" என்றாள். அதோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமியார் சமைத்துக் கொடுத்த பெரிய கறியையும் நிறுத்தியிருந்தாள். முகாமில் பேசியவர், அது உடம்புக்குச் சூடு, வயிற்றுப் பிள்ளையின் ரத்தம் கெட்டுப்போகும் என்று சொல்லியிருக்கிறார்.

மூன்று வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அழைத்துப்போய்க் காட்டினோம். அளவு இன்னும் இறங்கியிருந்தது. மருத்துவர் திட்டினார், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எங்களையும் சேர்த்துத் திட்டினார். நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். மாத்திரையை மறுபடி தொடங்கினாள். பிள்ளை பிறந்துவிட்டது, இருவரும் நலம். டப்பாவின் கடன் மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது.

ஊட்டச்சத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று நாங்கள் நினைத்ததற்கு இந்தத் தங்கைதான் காரணம். 'ஆரோக்கிய உணவு' என்ற பேச்சு இன்று எங்கும் நிறைந்திருக்கிறது. யூடியூபைத் திறந்தால் சிறுதானியம், கடைக்குப் போனால் முருங்கைப் பொடி, கல்யாண வீட்டில் மூலிகைத் தேநீர். நல்லதுதானே என்று தோன்றும். அந்தப் பேச்சில் யாருடைய தட்டு இருக்கிறது, யாருடைய தட்டு இல்லை என்று மட்டும் பார்ப்போம்.

ரத்தம் யாருக்குக் குறைகிறது?

2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். ஐந்து வயதுக்குட்பட்ட நம் மாநிலக் குழந்தைகளிலும் பாதிக்கு மேல், 57 சதவீதம். சத்துணவும், எல்லோருக்கும் ரேஷனும், நாடு பாராட்டும் மருத்துவக் கட்டமைப்பும் உள்ள மாநிலத்தின் கணக்கு இது. கூலி வேலை, பொழுதுக்கும் வெயில், தூரத்துத் தண்ணீர், அடுத்தடுத்த பிரசவம் என்று வாழும் சேரிப் பெண்ணின் உடம்பில் இந்தக் கணக்கு என்னவாக இருக்கும் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் போதும்.

இரும்புச்சத்து இரண்டு விதமாக உணவில் இருக்கிறது. கீரை, பருப்பு, தானியத்தில் இருப்பது ஒன்று. கறி, ரத்தம், ஈரல், மீனில் இருப்பது இன்னொன்று. இரண்டாவதை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்கிறது. முதலாவதில் சிறு பங்குதான் உடம்பில் சேரும். எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி போன்ற புளிப்பு சேர்ந்தால் கொஞ்சம் கூடும். சாப்பிட்டதும் டீ குடித்தால் அதுவும் குறையும். பி12 வைட்டமினோ இயற்கையாகக் கறி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இருக்கிறது. இது பாடப்புத்தக அறிவியல். யாருடைய மனதையும் புண்படுத்துவதற்காக நாங்கள் கண்டுபிடித்தது இல்லை.

அப்படியானால் ரத்தம் குறைந்த ஏழைப் பெண்ணிடம் முதலில் என்ன சொல்லவேண்டும்? உனக்குப் பழக்கமான, உன் தெருவில் கிடைக்கிற, ஆட்டுக்கறி விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிற மாட்டுக்கறியைச் சாப்பிடு என்றுதானே சொல்லவேண்டும்? எந்த அட்டவணையாவது அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? பாதாம் நான்கு. ஆப்பிள் ஒன்று. பனீர் 50 கிராம். பேரீச்சை, மாதுளை, உலர் திராட்சை. நூறு நாள் வேலைக்கு 2024-25இல் அறிவித்த முழுக்கூலியே 319 ரூபாய். அதுவும் முழுதாகக் கைக்கு வருவதில்லை.

இதில் நாங்களும் சுத்தமானவர்கள் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்களே ஓர் அட்டவணை அச்சடித்தோம். கல்லூரியில் படித்த புத்தகங்களைப் பார்த்து எழுதியதுதான். வளரிளம் பெண்கள் கூட்டத்தில் அதை வாசித்தபோது ஒரு பாட்டி கேட்டார்: "எல்லாம் சரி கண்ணு, இதுல நாங்க துன்றது ஒண்ணு கூட இல்லியே?" எங்களில் பாதிப்பேர் அந்த உணவைத் தின்று வளர்ந்தவர்கள்தாம். பட்டம் வாங்கியதும் எங்கள் தட்டையே எங்களால் எழுத்தில் கொண்டுவர முடியாமல் போயிருக்கிறது. அந்தக் கட்டுக் காகிதத்தை எடைக்குப் போட்டோம்.

சொல்ல முடியாத சாப்பாடு

பரிசோதனைக்குப் பெண்களோடு போகும்போது நாங்கள் திரும்பத் திரும்பக் காண்பது இது. செவிலியர் அக்கறையோடுதான் கேட்பார்:

"நான்வெஜ் சாப்பிடுவியாமா?"

"சாப்புடுவேன் மேடம்."

"என்ன சாப்பிடுவ?"

"சிக்கன்."

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத் தெரியும், அந்த வீட்டில் சிக்கன் மாதம் ஒருமுறை வந்தால் அதிகம். வாரா வாரம் வருவது மாட்டுக்கறி. போட்டி, ரத்தப் பொரியல், உப்புக் கண்டம், கருவாடு. இவற்றில் எதையும் அந்த மேசைக்கு முன்னால் அவள் சொல்லமாட்டாள். 'பெரிய கறி' என்ற சொல்லே இந்த மறைப்பிலிருந்து வந்ததுதானே? வாடகை வீடு பார்க்கப் போனால் மறைக்கவேண்டும். பள்ளிக்கூடத்து டிபன் பாக்ஸில் மறைக்கவேண்டும். உடம்பைக் காப்பாற்ற வந்த இடத்திலும் மறைக்கவேண்டும். என்ன சாப்பிடுகிறாள் என்பதே தெரியாத மருத்துவம் அவளுக்கு என்ன அறிவுரை சொல்லும்?

கூச்சம் தானாக வந்தது இல்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா அறிவித்தது. அந்த ஊர் பிரியாணியின் ஒரு பாதி மாட்டுக்கறி பிரியாணி. அரசு விழாவில் அதற்கு மட்டும் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிவைக்கப்பட்டது. பெரியார் பெயரைச் சொல்லி ஆளும் மண்ணில் ஒரு தட்டு பிரியாணிக்கு நேர்ந்த கதி அது.

மற்ற மாநிலங்களைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிகளில் முட்டை கொடுக்கும் யோசனையை முதலமைச்சரே மறுத்தார். கர்நாடகத்தில் 2021 டிசம்பரில் பின்தங்கிய மாவட்டங்களின் பள்ளிகளில் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். கொப்பள் மாவட்டத்துப் பள்ளி மாணவி ஒருத்தி முட்டை வேண்டும் என்று மடங்களுக்கு எதிராகவே பேசினாள், அந்தக் காணொலி நாடு முழுக்கப் பரவியது. சாப்பிட விருப்பமில்லாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுங்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தன் பிள்ளை தின்னாததை அடுத்தவன் பிள்ளையும் தின்னக்கூடாது என்று சொல்வதற்குப் பெயர் சைவம் இல்லை, சாதி.

1948இல் வெளிவந்த நூலில் அண்ணல் அம்பேத்கர், தீண்டாமையின் தோற்றத்தை மாட்டுக்கறியோடு இணைத்து ஆராய்ந்தார். பிராமணர்களும் ஒரு காலத்தில் மாட்டிறைச்சி உண்டவர்களே என்பதை அவர்களுடைய நூல்களிலிருந்தே எடுத்துக்காட்டினார். "அம்பேத்கரே 1927இல் மகாடில் இதை விடச் சொன்னாரே" என்று சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. அவர் விடச் சொன்னது செத்த மாட்டின் கறியை. ஊரில் மாடு செத்தால் இழுத்துப்போகவேண்டும், கூலிக்குப் பதில் அந்தக் கறி என்ற அடிமைத்தனத்தை. கடையில் காசு கொடுத்து வாங்கும் நல்ல கறியோடு அதைக் குழப்புகிறவர்கள் தெரிந்தே குழப்புகிறார்கள்.

கூழுக்கு வந்த வாழ்வு

2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. அதற்கு முன்பும் பின்பும் கேழ்வரகும் கம்பும் நட்சத்திர ஓட்டலுக்குப் போய்விட்டன. மண்சட்டியில் கம்மங்கூழ், மேலே இரண்டு சின்ன வெங்காயம், 120 ரூபாய்.

நம் பாட்டிமார் கூழை ஆசையாகக் குடித்தவர்கள் இல்லை. நெல்லை விளைவித்தவர்கள் அவர்கள், சோறு தின்றவர்கள் வேறு. களத்தில் நெல் அளந்துபோன பிறகு அவர்களுக்கு மிஞ்சியது கூழ். அதையும் தூரத்தில் நிற்கவைத்து உயரத்திலிருந்து ஊற்றினார்கள். 'கூழ் குடிக்கிற சாதி' என்பது வசவாக இருந்தது. நெல்லுச்சோறு தின்பதை மானம் என்று அந்தத் தலைமுறை நினைத்ததற்கு இதுதான் காரணம். இன்று அதே கூழை 'நம் முன்னோர் உணவு' என்று மேடையில் பேசுகிறார்கள். யாருடைய முன்னோர், ஐயா?

கேழ்வரகை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம் அது. பிள்ளைக்கும் தாய்க்கும் நல்லது. நம் ஆட்கள் கைவிட்டதற்குக் காரணம் அறியாமை என்று சொல்வதைத்தான் மறுக்கிறோம். கேழ்வரகு விளைந்த மேட்டு நிலம் இன்று யார் கையில்? 1892 தொடங்கி நமக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் எவ்வளவு இன்று நம்மிடம் இருக்கிறது? அதைக் கேட்டுத்தானே 1994இல் காரணையில் இரண்டு உயிரைத் துப்பாக்கிக்குக் கொடுத்தோம்? இரண்டு சென்ட் காலனி வீட்டில் கேழ்வரகை எங்கே விதைப்பது?

கீரையின் கதையும் இதுதான். களை எடுக்கப் போகும் பெண்கள் மடியில் பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் கட்டிக்கொண்டு வருவார்கள். வாய்க்காலில் நண்டும் நத்தையும் கிடைக்கும். காசில்லாமல் கிடைத்த சத்து அது. இன்று களைக்கொல்லி அடிக்கிறார்கள். களை எடுக்கும் வேலையும் போனது, மடியிலிருந்த கீரையும் போனது. அந்தக் கீரையின் இடத்துக்குத்தான் பொட்டலத்தில் பொடி வந்திருக்கிறது. கொல்லையில் ஒரு முருங்கைக் கிளையை நட்டால் வருடம் முழுக்கக் கீரை. அதைக் காயவைத்து அரைத்து 100 கிராம் 150 ரூபாய்க்கு நமக்கே விற்கிறார்கள்.

டப்பாக்களைப் பற்றி

புரத மாவு டப்பாவை வாங்கும் முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பை ஏற்றுவதற்கென்று விற்கும் புரத மாவுகளைத் தவிர்க்கச் சொல்கிறது. இப்படிப்பட்ட சத்துப் பொருள்களின் அட்டையில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிடவேண்டும் என்பது சட்டம். பொடி எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும், தேடிப் பாருங்கள். நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி அதை விற்பது குற்றம். முகாமில் வாயால் சொல்வதால் தப்பித்துக்கொள்கிறார்கள்.

இயற்கை என்றால் தீங்கில்லை என்பதும் உண்மையில்லை. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியை அளவில்லாமல் குடித்தவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை 2021லும் 2022லும் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள்.

விற்பவர்களும் பெரும்பாலும் நம் தெருப் பெண்கள்தாம். நாலு பேரைச் சேர்த்தால் கமிஷன் என்று இழுக்கப்பட்டவர்கள். அவர்கள்மீது நமக்குக் கோபம் இல்லை. நம் கோபம், ரத்தம் இல்லாத உடம்பைச் சந்தையாகப் பார்க்கிறவர்கள்மீது.

தண்ணீரும் அடுப்பும் நம் வீடும்

எவ்வளவு சத்து தின்றாலும் குடலில் புழு இருந்தால் நிற்காது. அசுத்தத் தண்ணீர் குடித்து அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் பிள்ளையின் உடம்பில் எந்த உணவும் ஒட்டாது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் பிள்ளைகள் குடிக்கும் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். ஊட்டச்சத்துக் கருத்தரங்கு எதிலாவது வேங்கைவயல் என்ற சொல்லைக் கேட்டதுண்டா? தண்ணீர் ஊட்டச்சத்து இல்லையா?

அடுப்பும் அப்படித்தான். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஊரார் எதிர்த்தார்கள். 2023இல் தூத்துக்குடி மாவட்டத்தில், தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடாமல் இருக்க வீட்டிலேயே சொல்லி அனுப்பினார்கள். அமைச்சரும் எம்.பி.யும் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. தன் பிள்ளையின் வயிற்றைவிடச் சாதி பெரிதென்று நினைக்கும் பெற்றோருக்கு எந்தச் சத்து மாவைக் கொடுத்துத் திருத்துவது?

நம் வீட்டுக்குள்ளேயும் ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்காமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். கறிக் குழம்பில் துண்டு யாருக்குப் போகிறது? ஆம்பளைக்கு முதல் தட்டு, பையனுக்கு அடுத்தது, பொம்பளைக்குச் சட்டியை வழித்த குழம்பு. ஈரல் என்றால் கேட்கவே வேண்டாம், அது வீட்டுக்காரருக்கு. மாதா மாதம் ரத்தம் இழக்கிறவளுக்கு, பிள்ளை சுமக்கிறவளுக்கு எலும்பு மட்டும் என்றால், ஊர்த்தெருவின் அநீதியைப் பற்றிப் பேச நமக்கு வாய் எங்கே இருக்கிறது? ஜெய்பீம் சொல்லும் தோழர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை தட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

என்ன செய்யலாம்?

காசு அதிகம் இல்லாத வீட்டில் முடிவதைச் சொல்கிறோம். வாரம் ஓரிரு நாள் மாட்டுக்கறியோ, போட்டியோ, ரத்தமோ, ஆட்டுச் சுவரொட்டியோ நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். ஈரலில் ஏ வைட்டமின் மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். மற்ற நாளில் முட்டை, மத்தி, நெத்திலி, கருவாடு. கீரையோடு தக்காளி அல்லது எலுமிச்சை. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ வேண்டாம். ஒரு வேளை கேழ்வரகுக் களியோ கூழோ, கூடவே நிலக்கடலை.

ஹீமோகுளோபின் குறைந்துவிட்டால் சாப்பாடு மட்டும் போதாது. அரசு இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விடாதீர்கள். கர்ப்பக் காலத்தில் குறைந்தது 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னும் 180 நாள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். வயிறு புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரையை மறக்காதீர்கள்.

அரசிடம் நாம் கேட்பவை இவை.

சத்துணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி இன்று வாரம் ஐந்து முட்டையில் நிற்கிறோம். 2022இல் தொடங்கிய காலை உணவில் உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும்தான் இருக்கின்றன. அதிலும் முட்டை வரவேண்டும். 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அது எல்லா மாவட்டத்துக்கும் வரவேண்டும், நம் நிலத்தில் விளைந்து வரவேண்டும். கர்ப்பிணிகளுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பெட்டகத்தில் மாவும் நெய்யும் பேரீச்சையும் இருக்கின்றன, சரி. கூடவே முட்டைக்கும் கறிக்கும் மீனுக்கும் மாதாந்திரக் கூப்பன் கொடுங்கள். அரசு அச்சடிக்கும் எல்லா உணவு அட்டவணையிலும் மாட்டுக்கறி என்ற சொல்லை எழுத்தில் போடுங்கள். செவிலியர் பயிற்சியில் அதைக் கூச்சமில்லாமல் கேட்கக் கற்றுக்கொடுங்கள். சமுதாயக் கூடங்களில் டப்பா விற்கும் முகாம்களுக்கு அனுமதி கொடுக்காதீர்கள்.

அந்தத் தங்கையை இரண்டாம் தடுப்பூசிக்கு அழைத்துப் போனோம். செவிலியர் வழக்கம்போலக் கேட்டார், என்னம்மா சாப்பிடுற என்று. அவள் எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"மாட்டுக்கறி மேடம். வாரத்துல ரெண்டு நாள்."

செவிலியர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "நல்லது, விடாம சாப்பிடு" என்று சொல்லி அட்டையில் எழுதினார். என்ன எழுதினார் என்று வெளியே வந்து பார்த்தோம். 'அசைவம்' என்று எழுதியிருந்தார். அடுத்த முறை முழுச் சொல்லையும் எழுதவைப்போம்.

ஜெய்பீம்!